மறைவிலிருந்து தோற்றத்தைக் கழித்தால்

தூத்துக்குடியில் சுவர்களைப் படித்துக்கொண்டே நடப்பது எனக்குச் சிறுவயதுப் பழக்கம். திரேஸ்புரத்தில் தொடங்கி பனிமய மாதா கோயிலைக் கடந்து இனிகோ நகர் வரை போனால் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள் வரிசையாக வரும். பெயருக்குக் கீழே இரண்டு தேதிகள்: தோற்றம், மறைவு. மறைவிலிருந்து தோற்றத்தைக் கழித்துப் பார்ப்பேன். 44. 51. 38. 56. என் அப்பாவின் சுவரொட்டியில் அந்தக் கழித்தல் 47 என்று வந்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். “ஏல, நேத்து சாயங்காலம் வரை நல்லாத்தான இருந்தாரு, பொசுக்குனு போயிட்டாரே” என்று தெருவே சொன்னது. இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனபோது என்ன காரணம் என்று கேட்டார்கள். “நெஞ்சுவலி” என்று சித்தப்பா சொன்னார். அதோடு விசாரணை முடிந்தது.

அந்தச் சுவர்களை நம்பி ஊரைப் பற்றி ஒரு முடிவுக்கு வரலாமா? கூடாது. நடுவயதில் போனவருக்கு நண்பர்கள் ஒட்டுவார்கள், சங்கத்தார் ஒட்டுவார்கள், கட்சிக்காரர்கள் ஒட்டுவார்கள். 82 வயதில் படுக்கையில் கிடந்து இறந்த பாட்டிக்குப் பேரன் யாராவது ஒன்று அடித்தால் உண்டு. ஆகவே சுவரை மட்டும் படிப்பவனுக்கு இந்த ஊரில் நடுவயது ஆண்கள் மட்டும்தான் சாகிறார்கள் என்று தோன்றும். கண்ணில் படுவது ஒன்று, நடப்பது இன்னொன்று. இரண்டையும் பிரித்துச் சொல்ல இறப்புப் பதிவேட்டால்தான் முடியும். அது நம் கிராம நிர்வாக அலுவலர்களிடமும் நகராட்சி, மாநகராட்சி சுகாதார அலுவலகங்களிலும் இருக்கிறது. இறந்தவரின் வயது, பாலினம், நாள், இடம், காரணம் என எல்லாவற்றுக்கும் அதில் கட்டங்கள் உண்டு. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பதிகிறோம். அதன்பிறகு அந்த எண்கள் நம்மிடம் திரும்பி வருவதில்லை. என் ஆதங்கம் இதுதான்.

எதோடு ஒப்பிடுவது?

‘கூடுதல் இறப்பு’ என்ற சொல்லைக் கொரோனா காலத்தில்தான் பலரும் கேள்விப்பட்டோம். அடிப்படையில் அதுவும் ஒரு கழித்தல்தான். நடந்த இறப்புகளிலிருந்து, வழக்கமாக நடந்திருக்கக்கூடிய இறப்புகளைக் கழிக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, ஓர் ஊரில் 40 முதல் 59 வயது வரை 10,000 ஆண்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த வயதில் ஆண்டுக்கு ஆயிரத்தில் எட்டுப் பேர் இறப்பது வழக்கம் என்றால், 80 இறப்புகளை எதிர்பார்க்கலாம். பதிவேட்டில் 110 இருந்தால், 30 பேர் கூடுதல். எந்த 30 பேர் என்று யாராலும் விரல் நீட்ட முடியாது. 110 வீடுகளிலும் அழுகை ஒன்றுதான்.

நடந்ததைப் பதிவேடு சொல்லிவிடும். ‘வழக்கம்’ என்ற எண் எங்கேயும் எழுதியிருக்காது, அதை நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். கணக்கின் நேர்மை முழுவதும் அந்த முடிவில் இருக்கிறது. போன ஐந்து ஆண்டுகளின் சராசரியை வழக்கம் என்று கொண்டால், திடீரென்று வந்து தாக்கிய ஒரு தொற்றுநோயைப் பிடித்துவிடலாம். ஆனால், ஐம்பது ஆண்டுகளாக ஒரே சீராக ஆட்களைத் தின்றுகொண்டிருக்கும் ஒன்றை அந்தக் கணக்கு ஒருநாளும் காட்டாது. அது வழக்கத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். ஆண்டுக்கு 110 பேர் இறப்பது பழகிவிட்டால் 110-தான் வழக்கம், கூடுதல் பூஜ்யம். எங்கள் கரையில் நடந்திருப்பது இதுதான் என்பது என் சந்தேகம். அதனால் அப்பாவின் வயதை அவருக்கு முந்திய தலைமுறை ஆண்களின் வயதோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. அதே வீட்டில் அதே குழாய்த் தண்ணீரைக் குடித்து, அதே குழம்பை உண்டு, அதே ஆஸ்பத்திரிக்குப் போன அம்மாவின் வயதோடு ஒப்பிட வேண்டும். பீடியைத் தொடாத பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிட வேண்டும். உலகில் பெரும்பாலும் எங்கும் பெண்கள் ஆண்களைவிடச் சற்றுக் கூடுதலாக வாழ்கிறார்கள் என்பதால் இந்த வித்தியாசம் முழுவதையும் கூடுதல் என்று எழுதிவிடவும் முடியாது. எவ்வளவு இயல்பு, எவ்வளவு இழப்பு என்று பிரிக்கும் வேலை இருக்கிறது.

இந்தக் கழித்தல் தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்தவர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாகாண அறிக்கையை எழுதியவரும் அவரே. பஞ்ச நிவாரண வேலைக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று இந்திய அரசு அனுப்பிய பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தபோது, அது உடலைத் தாங்காது என்று எதிர்த்து எழுதினார். சாதாரண ஆண்டுகளின் இறப்புப் பதிவுகளைப் பஞ்ச ஆண்டின் பதிவுகளோடு வைத்துப் பார்த்தார். கிராமங்களின் பதிவு பஞ்சத்தில் குலைந்துபோயிருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். 1878 மார்ச்சில் பஞ்ச மாவட்டங்களின் சில பகுதிகளில் மக்களை மீண்டும் எண்ணிப் பார்த்தபோது, பதிவேடு காட்டியதைவிட அதிகமான மனிதர்கள் காணாமல் போயிருந்தார்கள். 1871-இல் 3 கோடியே 12 லட்சத்துக்கு மேலிருந்த மாகாண மக்கள்தொகை, பெருகியிருக்க வேண்டிய பத்தாண்டுக்குப் பின் 1881-இல் 3 கோடியே 8 லட்சமாக இருந்தது. அந்தப் பஞ்சத்திலும் பெண்களைவிட ஆண்களே அதிகம் இறந்தார்கள்.

அதே ஆண்டுகளில் தூத்துக்குடித் துறையிலிருந்து கூட்டம் கூட்டமாக மக்கள் இலங்கைத் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஓர் ஊரில் தலை குறைந்தால் செத்தாரா, கப்பலேறினாரா என்ற கேள்வியும் கூடவே வந்தது. அந்தக் கேள்வி இன்றும் எங்களை விடவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

சென்னையிலும் விழுப்புரத்திலும் தட்டிய கதவுகள்

நடுவயது ஆண்களின் இறப்பைப் பற்றித் தமிழ்நாடு உலகத்துக்குச் சொன்ன மிகப் பெரிய செய்தி 2003-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. தொற்றுநோயியலாளர் வி. கஜலட்சுமியும், ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பீட்டோவும், பிரபாத் ஜாவும், டி. எஸ். கனகாவும் சேர்ந்து செய்த ஆய்வு. நம் ஊர்களில் அது பேசப்பட வேண்டிய அளவுக்குப் பேசப்படவே இல்லை.

அவர்கள் செய்தது இது. 1990-களில் இறந்த 43,000 ஆண்களின் பெயர்களை இறப்புப் பதிவேட்டிலிருந்து எடுத்தார்கள். சென்னையில் 27,000, விழுப்புரம் கிராமங்களில் 16,000. பயிற்சி பெற்ற கள ஆய்வாளர்கள் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி மனைவியிடம், மகனிடம், தம்பியிடம் உட்கார்ந்து கேட்டார்கள். என்ன உடம்புக்கு வந்தது, எத்தனை நாள் இருமல், ரத்தம் வந்ததா, கால் வீங்கியதா, நெஞ்சைப் பிடித்தது எந்த நேரம், பீடி குடிப்பாரா, சிகரெட்டா, குடி உண்டா. வீட்டார் சொன்னதைக் கதையாக எழுதிவந்து மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். மருத்துவர்கள் படித்துக் காரணத்தை முடிவுசெய்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, உயிரோடிருந்த 35,000 ஆண்களிடமும் புகைப்பழக்கம் பற்றிக் கேட்டார்கள்.

வந்த விடை: 25 முதல் 69 வயதுக்குள், காசநோயால் இறக்கும் அபாயம் புகைப்பவர்களுக்கு மற்றவர்களைப் போல நான்கு மடங்குக்கு மேல். இந்தியாவில் ஆண்களின் காசநோய் இறப்புகளில் ஏறத்தாழப் பாதிக்குப் புகைதான் காரணம் என்று அவர்கள் கணித்தார்கள். புகைப்பவர்களில் நான்கில் ஒருவர் இந்த வயதுக்குள் அந்தப் பழக்கத்தாலேயே இறப்பார், அப்படி இறப்பவர் சுமார் 20 ஆண்டு வாழ்வை இழப்பார் என்றும் எழுதினார்கள். புற்றுநோயைத்தான் நாம் பீடியோடு சேர்த்துப் பேசுவோம். உண்மையில் அதைவிட அதிகமான ஆண்களை நுரையீரலும் இதயமும் கொண்டுபோயிருந்தன. இந்தக் கூடுதல் இறப்புகள் எந்த ஐந்தாண்டுச் சராசரியிலும் தெரிந்திருக்காது. புகைக்காதவனை அளவுகோலாக நிறுத்தியதால்தான் தெரிந்தது.

சென்னையில் அதே குழு செய்த வேலையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 25 முதல் 69 வயதினரின் இறப்புப் பதிவுகளில் 37 சதவீதத்தில் காரணம் தெளிவில்லாமல் இருந்தது. வீடுகளுக்குப் போய்க் கேட்டபிறகு அது 7 சதவீதமாகக் குறைந்தது. என் சித்தப்பா சொன்ன ‘நெஞ்சுவலி’ அந்த 37-க்குள் வரும் வகை. யாராவது ஒருவர் ஒரு மாலையில் வந்து அம்மாவிடம் அரைமணி நேரம் கேட்டிருந்தால், ஆறு மாதமாக அப்பாவுக்கு இருந்த இருமலைப் பற்றி அவள் சொல்லியிருப்பாள். இரவில் தலையணையை உயர்த்தி வைத்துத்தான் படுத்தார் என்று சொல்லியிருப்பாள். யாரும் வரவில்லை.

கொரோனாவில் சென்னைப் பதிவேடு மறுபடி பேசியது. 2020 மார்ச் முதல் 2021 ஜூன் வரை நகரில் பதிவான இறப்புகள் 87,870, எதிர்பார்த்ததைவிட 25,990 கூடுதல் என்று ‘லான்செட்’ குடும்பத்து இதழ் ஒன்றில் வந்த ஆய்வு காட்டியது. நாடு முழுவதும் 2019-இல் 76 லட்சம், 2020-இல் 81 லட்சம் என்றிருந்த பதிவான இறப்புகள் 2021-இல் 1 கோடியே 2 லட்சமாயின. அந்த 2021-ஆம் ஆண்டுக் கணக்கு வெளியானது 2025 மே மாதத்தில். நான்கு ஆண்டுகள். தீ அணைந்து சாம்பலும் காற்றில் போனபிறகு வரும் எண்ணை வைத்து யாரைக் காப்பாற்றுவது?

கடல் தரும் சிக்கல்கள்

தூத்துக்குடிக்கு இந்தக் கணக்கைப் போட உட்கார்ந்தால் கடல் வந்து குறுக்கே நிற்கும்.

முதலில், உடல் கிடைக்காதவர்கள். வள்ளம் கவிழ்ந்து ஆள் போய்விட்டால், உடல் ஒதுங்கும் வரை பதிவேட்டில் அவர் உயிரோடிருப்பவர். ஏழு ஆண்டு தகவல் இல்லையென்றால்தான் இறந்தவராகக் கருதலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்திலும் இருந்தது, 2023-இல் வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரி மீனவர்களைக் கொண்டுபோனபோது நாடே பார்த்தது. அதனால் அரசு நிவாரணம் வழங்கியது. தனியாக ஒருவர் போனால் அந்த வெளிச்சம் விழாது. இப்படிப் போகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள், உழைக்கும் வயதினர். நாம் தேடும் எண்ணிலிருந்து நாம் தேடும் ஆட்களே விழுந்துவிடுகிறார்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் கடற்கரைப் பங்குகளில் இறந்தவர்களுக்காக ஜெபிக்கும்போது அந்தப் பெயர்களும் ஒலிக்கும். கோயிலின் நினைவில் இருப்பவர் அரசின் பதிவேட்டில் இல்லை. பங்குகள் பராமரிக்கும் இறப்புப் பதிவேடுகளை அரசுப் பதிவோடு ஒத்துப்பார்த்தால், எத்தனை பேர் விடுபடுகிறார்கள் என்பதற்கு ஓர் அளவாவது கிடைக்கும்.

கரையில் இறப்பவர்களிலும் குழப்பம் உண்டு. இறப்பு நடந்த இடத்தில்தான் பதிய வேண்டும் என்பது விதி. நோய் முற்றியவரைப் பாளையங்கோட்டை ‘ஐகிரவுண்டு’ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். அங்கே உயிர் பிரிந்தால் பதிவு திருநெல்வேலி மாவட்டத்தில். வேம்பாரிலிருந்து மதுரைக்குக் கொண்டுபோனால் மதுரையில். மோசமான நிலையில் இருந்தவர்களெல்லாம் வெளியே போய் இறந்தால் தூத்துக்குடியின் எண் அழகாகத்தான் இருக்கும். படிவத்தில் இறந்தவரின் நிரந்தர முகவரிக்கும் கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தின்படி திருப்பி அடுக்கினால் போதும். கணினியில் ஏறிவிட்ட பதிவுகளுக்கு அது பெரிய வேலையே இல்லை.

அடுத்தது வகுக்கும் எண். எத்தனை ஆண்களில் இத்தனை பேர் இறந்தார்கள் என்று சொல்ல வேண்டுமே. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 17,50,176. ஆயிரம் ஆண்களுக்கு 1,023 பெண்கள். ஆண்கள் குறைவாக இருப்பதைப் பார்த்ததும் சாவைக் குறை சொல்லத் தோன்றும். ஆனால் கப்பல் வேலைக்கும் வளைகுடாவுக்கும் வெளியூர்ப் படகுகளுக்கும் போனவர்கள் எத்தனை பேர்? கார்னிஷ் காலத்துக் கேள்வியேதான். 2021 கணக்கெடுப்பும் நடக்கவில்லை, அடுத்தது 2027-இல். அதுவரை வகுக்கும் எண் ஊகம்தான் என்பதை ஒப்புக்கொண்டே கணக்குப் போட வேண்டும். தேசிய அளவில் நடக்கும் மாதிரிப் பதிவு முறை மாநிலத்துக்கு நல்ல விகிதங்களைத் தரும். ஒரு மாவட்டத்தின் 45 வயது ஆண்களைப் பற்றிப் பேச அதன் மாதிரி போதாது.

வயது விஷயத்தில் அமெரிக்காவில் நடந்த ஒரு தடுமாற்றத்தைச் சொல்லியாக வேண்டும். 2015-இல் ஆன் கேஸும், அந்த ஆண்டு நோபல் பெற்ற ஆங்கஸ் டீட்டனும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 45 முதல் 54 வயது வரையான வெள்ளையரின் இறப்பு விகிதம் 1999-க்குப் பிறகு ஏறிவந்தது, முந்தைய இறக்கம் தொடர்ந்திருந்தால் 2013-க்குள் சுமார் ஐந்து லட்சம் பேர் பிழைத்திருப்பார்கள் என்றது அது. போதை மருந்து, குடி, தற்கொலை ஆகியவை காரணங்கள். உலகமே அதிர்ந்தது. புள்ளியியலாளர் ஆண்ட்ரூ கெல்மன் ஒரு குறையைக் காட்டினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெருவாரியாகப் பிறந்த தலைமுறை அந்தப் பத்தாண்டு வயதுப் பெட்டிக்குள் நகர்ந்துகொண்டிருந்தது. பெட்டியின் பெயர் மாறவில்லை, உள்ளே இருந்தவர்களின் சராசரி வயது கூடிவிட்டது. நடுவயதில் ஒவ்வோர் ஆண்டு மூப்புக்கும் இறப்பு அபாயம் ஏறத்தாழ 8, 9 சதவீதம் ஏறும். சராசரி வயது அரையாண்டு கூடினாலே, ஒருவருக்கும் உடல்நிலை கெடாமல் விகிதம் 4 சதவீதம் ஏறிவிடும். வயதைச் சரிக்கட்டிப் பார்த்தபோது ஆண்களின் விகிதம் 2005 வரை ஏறிப் பின் இறங்கியதும், பெண்களின் ஏற்றம் தொடர்ந்ததும் தெரிந்தது. மற்றப் பணக்கார நாடுகளில் அதே வயதினரின் இறப்பு வேகமாகக் குறைந்தபோது அமெரிக்கா தேங்கிப்போனது என்ற மையச் செய்தி மட்டும் அசையாமல் நின்றது.

தமிழ்நாடு வேகமாக மூப்படைந்துவரும் மாநிலம். ‘40 முதல் 59’ என்று ஒரே பெட்டியில் போட்டுவிட்டு, சாவு கூடிவிட்டது என்று நாமும் கூவினால் இதே குழியில் விழுவோம். ஐந்தைந்து வயதாகப் பிரிப்பதுதான் குறைந்தபட்ச ஒழுங்கு.

எங்கள் ஊருக்கு இது வெறும் ஏட்டுச் சங்கதி அல்ல. ஆலைப் புகையால் சாகிறோம் என்று ஒரு தரப்பும், அதற்கு ஆதாரமில்லை என்று ஒரு தரப்பும் ஆண்டுக்கணக்கில் மோதிய ஊர் இது. அந்த ஆலையை எதிர்த்த போராட்டத்தின்போது, 2018 மே மாதத்துத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேரைப் பறிகொடுத்த ஊர். வார்டு வாரியாக, வயது வாரியாக இருபது ஆண்டு இறப்புகளை எடுத்து யாரும் மக்கள் முன் வைத்திருந்தால், அந்த வாதம் தெருவுக்கு வருமுன் ஒரு மேசைக்காவது வந்திருக்கும்.

கணக்கு வைப்பது இந்தக் கரைக்குத் தெரியாத வித்தையா? முத்துச் சலாபம் நடந்த நாட்களில் சிப்பிகளைக் கரையிலேயே பங்கு பிரித்து, அரசின் பங்கை ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலம் விட்டார்கள். 1955 முதல் 1961 வரை நடந்த கடைசிச் சலாபங்களின் சிப்பி எண்ணிக்கை இன்றும் மீன்வள ஆவணங்களில் இருக்கிறது. மூழ்கியவர்கள் எந்த வயது வரை வாழ்ந்தார்கள் என்று தேடினால் என் கையில் ஒன்றும் சிக்கவில்லை. இன்று சங்கு எடுக்கப் போகிறவர்கள் படகிலிருக்கும் கம்ப்ரசரின் காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு, மூச்சை அடக்கிக் குளித்த காலத்தைவிட அதிக நேரம் ஆழத்தில் இருக்கிறார்கள். வேகமாக மேலே வந்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழிட்டு, கை கால் முடங்கும், உயிரும் போகும். அவர்களின் சாவும் படிவத்தில் இரண்டு சொற்களில் முடிந்துவிடக்கூடியதுதான்.

மதுவுக்கும் கணக்கு இருக்கிறது. 2003 முதல் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக்கிடம். 2023–24-இல் அதன் வழியாக வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய் என்று சட்டப்பேரவையிலேயே வைத்தார்கள். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி வேண்டும்: அந்த ஆண்டில் 30 முதல் 59 வயதுக்குள் இறந்த ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது ஒவ்வோர் உயிரையும் எண்ணினோம், ஒரே வாரத்தில் ஒரே ஊரில் விழுந்ததால். கல்லீரல் கெட்டு ஆளுக்கொரு மாதத்தில் ஆளுக்கொரு தெருவில் போகிறவர்களை எண்ண இந்தக் கழித்தலை விட்டால் வேறு கருவி இல்லை.

செய்ய முடியாது என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் இந்த மாநிலம் சும்மா விடுவதில்லை. வீட்டுக்குப் போய் விசாரிக்கிறார்கள், மாவட்ட ஆட்சியர் அளவில் உட்கார்ந்து ஏன் என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 54 என்ற அளவுக்கு, 2018–20 கணக்கில், தாய்மார் இறப்பைக் கீழே கொண்டுவந்தோம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டிலிருந்து வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. நல்ல திட்டம். ஆனால் ஊழியர் வரும் பகலில் விசைப்படகுக்காரர் கடலில் இருப்பார், மூட்டை சுமப்பவர் துறைமுகத்தில் இருப்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருக்கிறார்கள். அந்த 61 நாட்களும் அவர்களைத் தேடிப் போக வேண்டிய நாட்கள். மாதவாரி இறப்பு எண்கள் கையில் இருந்தால், தடைக்காலத்தில் ஆண்களின் சாவு ஏறுகிறதா, இறங்குகிறதா என்றுகூடப் பார்க்கலாம். கடல் விபத்து குறைந்து குடி கூடுகிறதா என்று இப்போது டீக்கடையில்தான் விவாதிக்கிறோம்.

நான் கேட்பது பெரிதில்லை. 30 வயதிலிருந்து 59 வரை ஐந்தைந்தாகப் பிரித்தால் ஆறு வரிசை. ஆண், பெண் என்று இரண்டு. மாதங்கள் பன்னிரண்டு. மொத்தம் 144 எண்கள். இறந்தவரின் சொந்த ஊர் எந்த மாவட்டமோ அதன் கீழ் அடுக்கிய 144 எண்கள், ஓர் ஆண்டுக்கு, ஒரு மாவட்டத்துக்கு. யாருடைய பெயரும் வேண்டாம், முகவரி வேண்டாம். காலாண்டு முடிந்த அடுத்த மாதத்தில் மாவட்ட இணையதளத்தில் போடட்டும். கூடவே, ஒவ்வொரு வட்டாரத்திலும் அந்த வயதில் இறந்த ஆண்களில் பத்தில் ஒருவரின் வீட்டுக்காவது ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் போய், கஜலட்சுமியின் ஆட்கள் கேட்டதுபோல உட்கார்ந்து கேட்கட்டும். முதல் ஆண்டாக 2019-ஐ எடுக்கலாம். கொரோனாவுக்கு முந்தியது என்பதால் மற்ற ஆண்டுகளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

அம்மாவுக்கு இப்போது 74 வயது. அந்தச் செவிலியர் எங்கள் தெருவுக்கு வந்தால், அப்பாவின் இருமல் எந்த மாதம் தொடங்கியது என்று அவளால் இப்போதும் சொல்ல முடியும்.